திரைக்குப் பின்பக்கம்

நனைந்த கம்பளியின் வாடையும், படமெஷினின் சூட்டில் விட்டில்கள் கருகும் வாடையும் சேர்ந்து வந்தால்தான் அது எங்களுக்குச் சினிமா. ஐம்பதுகளின் நடுவில், மூணாறுக்கு மேலே நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில், மாதம் ஒரு சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் பிரட்டுக்களத்தில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் திடலில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். ஆண்கள் துணிக்கு முன்னால் உட்காருவார்கள். பெண்களும் பிள்ளைகளும் பின்னால். யார் போட்ட சட்டம் என்று எவரும் கேட்டதில்லை. எங்களுக்குத் தெரிந்த ராஜகுமாரர்கள் எல்லாரும் இடது கையால் வாள் சுழற்றினார்கள். எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடின. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான் என்பதால், அந்தத் திரும்பிய எழுத்தைப் படித்துச் சொல்லும் வேலை பத்து வயதிலேயே எனக்கு வந்தது. "ஏட்டி, என்ன போட்டிருக்கான்?" என்று பெண்கள் கேட்கக் கேட்க நான் உரக்க வாசிப்பேன். அந்தப் பெருமையில் என் கழுத்து நிமிர்ந்தே இருக்கும்.

படமெஷினுக்குப் பக்கத்தில் எங்கள் சபையின் உபதேசியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். திரையில் ஆணும் பெண்ணும் ஓரடி நெருங்கினால் போதும், எழுந்து தம் கறுப்புக் குடையை விரித்து ஒளிக்கு முன்னால் பிடித்துவிடுவார். முன்பக்கம் ஆண்கள் சீட்டியடிப்பார்கள். பின்பக்கம் எவளாவது, "மழை வந்தாச்சுட்டி, குடை விரிச்சாரு" என்பாள். "நனையாம இருக்கதுக்குத்தான்" என்பாள் இன்னொருத்தி. முந்தானைக்குள் சிரிப்பு ஓடும். குடையால் படத்தைத்தான் மறைக்க முடிந்தது. பாட்டு அந்த இருட்டுக்குள் முழுசாக எங்களிடம் வந்து சேர்ந்தது.

அப்படி வந்த ஒரு காதல் பாட்டை என் சித்தியால் விட முடியவில்லை. அம்மாவின் தங்கை ஞானமணிக்கு அப்போது இருபது வயது. எங்கள் வேதக்கோயிலில் கீர்த்தனையை எடுத்துக் கொடுப்பது அவள்தான். அவள் குரல் எழும்பிய பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். பக்கத்துத் தோட்டத்தில் அவளுக்கு மாப்பிள்ளையும் பேசி முடித்திருந்தது. மூணாறுக் கடைவீதிக்குப் போன யாரோ வாங்கி வந்த பாட்டுப் புத்தகம் ஒரே ஒரு நாள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கைமாறியபோது, சித்தி என் முன்னால் வந்து உட்கார்ந்து, "ஏட்டி, எனக்கு மட்டும் எழுதித் தாட்டி. வாசிச்சு வாசிச்சுச் சொல்லு, நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றாள். என் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, அழகாக இருக்கட்டும் என்று என் வழக்கமான எழுத்தை விட்டுவிட்டுச் சாய்த்துச் சாய்த்து எழுதினேன். அவளுக்கு ஓரெழுத்தும் தெரியாது. ஆனாலும் பாட்டு மனப்பாடமான பிறகும் அந்தத் தாளை மடித்து, கொழுந்துக் கூடையின் அடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் எடை போடும் இடத்தில் கூடையைக் கவிழ்த்தபோது கொழுந்தோடு தாளும் விழுந்தது. "கொழுந்தோட கடுதாசியும் கிள்ளுதியோ?" என்றார் கங்காணி. அவருக்கும் எழுத்து தெரியாது. மடித்திருந்த விதமே அவருக்குப் போதுமாயிருந்தது. தாள் உபதேசியார் கைக்குப் போயிற்று. அன்று சாயங்காலம் கோயில் வாசலில் எல்லாரையும் கூட்டி, 'என் உயிரே' என்று தொடங்கிய அந்தத் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இது எந்த ஆம்பளை எழுதினது?"

"ஐயா, அது பாட்டு. போன மாசம் படத்துல வந்தது" என்றாள் சித்தி.

"நான் ஒரு பாட்டும் கேக்கலியே" என்றார், மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். "பாட்டுன்னே வச்சுக்கிடுவோம். எழுதினது யாரு?"

வாசலில் நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் அது பாட்டு என்று தெரியும். அந்த மாதம் முழுக்கத் தேயிலைக்குள் அவர்களும் அதைத்தான் முணுமுணுத்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சித்தி என்னைப் பார்த்தாள். அந்தக் கோடையில் நான் போர்டிங் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது. 'நற்குணமுள்ள பிள்ளை' என்று உபதேசியார் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அங்கே சேர்ப்பார்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"உன் எழுத்தா?"

"இல்லை ஐயா" என்றேன்.

சித்தி பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டாள். அதற்கு மேல் அவர் எப்படிக் கேட்டும் என் பெயரை அவள் சொல்லவில்லை. மூன்று மாதம் கடைசி வரிசையில் தனியாக உட்கார வேண்டும், கோயிலில் வாய் திறந்து பாடக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அதன் பிறகு வரவில்லை. தண்டனை முடியும் முன்பே, சக்குபள்ளத்தில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்த, இரண்டு பிள்ளைகளோடு தாரமிழந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். எனக்கு உபதேசியார் கையெழுத்துப் போட்ட நற்குணக் கடிதம் கிடைத்தது.

இருபது வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் உபதேசியாரின் கடைசி மகனுக்குக் கல்யாணம். பந்தலில் ஆணும் பெண்ணும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் அதே பாட்டு. சின்னப் பிள்ளைகள் கூட எல்லா அடிகளையும் சேர்ந்து பாடினார்கள். கிழவரான உபதேசியார் நாற்காலியில் சாய்ந்து, குடை நுனியால் தரையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும், "இன்னொரு வாட்டி போடுங்கல" என்று யாரோ கத்த, மறுபடியும் போட்டார்கள். சக்குபள்ளத்திலிருந்து வந்திருந்த சித்தி என் பக்கத்து இலையில் இருந்தாள்.

"சித்தி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"சாப்பிடுட்டி, ஆறிப்போவும்" என்றாள்.

அந்த வெள்ளைத் துணி இப்போது இல்லை. மூணாறுக் கொட்டகையில் எல்லாருக்கும் ஒரே பக்கம்தான். சுவரெங்கும் ஒட்டிய படங்களில் கதாநாயகனும் கதாநாயகியும் கட்டிக்கொண்டு நிற்க, அவற்றுக்குக் கீழேயே ஜபக்கூட்டத்து நோட்டீசும் ஒட்டியிருக்கிறது. சித்தி பாடும் குரலையும் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நான் கேட்டதில்லை. நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. என் கையெழுத்து அழகு என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானே எழுதிய ஒரு தாளை என் எழுத்தில்லை என்று சொல்லித்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன்.