தையல் மிஷின் போட்ட தாளமும் நான் போட்ட பெயரும்

எண்பதுகளின் நடுவில், பம்பாய் முழுக்க பிரேக் டான்ஸ் பைத்தியம் பிடித்து அலைந்த சமயத்தில் நடந்தது இது. அப்போது நான் மாட்டுங்காவில் பெற்றோருடன் இருந்தேன். கல்லூரியில் கடைசி வருஷம். எங்கள் கட்டடத்துப் பையன்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து மொட்டை மாடியில் விரித்து, அதன் மேல் முதுகாலும் தோளாலும் சுற்றுவோம். "பேங்க் பரீட்சைக்குப் படின்னா, தலையால நின்னுண்டு சுத்தறான்" என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புவார்.

சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் முழங்கால் தோல் உரிந்துவிட்டது. செம்பூரில் ஒரு போட்டி வரப் போகிறது, அதற்குள் முழங்காலில் கட்ட ரெக்சினில் பட்டை தைத்துக்கொண்டால் தேவலை என்று தாராவிக்குப் போனேன். நிஜத்தைச் சொன்னால், வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தும் அன்றுவரை நான் அங்கே காலே வைத்ததில்லை.

மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் பை தைக்கும் பட்டறை. நடத்தியவர் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என் முழங்காலை நாடாவால் அளந்துகொண்டிருந்தபோது, அலமாரி மேலே இருந்த இரட்டை டெக் டேப் ரெக்கார்டரில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சினிமாப் பாட்டின் தபலா மட்டும், ஒரு துண்டு, விடாமல் திரும்பத் திரும்ப. டேப் சிக்கிக்கொண்டது போலிருக்கிறது என்று சொன்னேன்.

"சிக்கலை தம்பி. நாந்தான் அப்படிச் செஞ்சு வச்சிருக்கேன்" என்றார்.

அந்த டேப்பை மச்சான் துபாயிலிருந்து அனுப்பியிருந்தாராம். ஒரு டெக்கில் கேசட்டை ஓடவிட்டு இன்னொன்றில் பதிவு செய்வார். பிடித்த துண்டு முடிந்ததும் பதிவை நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனை அமுக்குவார். முதல் கேசட்டைப் பின்னால் ஓட்டி, அதே இடம் வரும்போது பட்டனை விடுவார். மறுபடி அமுக்குவார். கண்ணிமைக்கிற நேரம் பிசகினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எதற்காக இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கேட்க நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர அவரிடம் காரணம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் சில பேர் இப்படித்தான் பாட்டு செய்கிறார்கள் என்று நான் எங்கேயோ படித்திருந்தேன். அதைச் சொன்னதும், "அப்படியா, அங்கயும் வேலை வெட்டி இல்லாதவங்க இருக்காங்க போல" என்று சிரித்தார்.

எனக்கு அப்போதே மண்டையில் மணி அடித்தது. செம்பூர் போட்டியில் சொந்த இசைக்குத் தனிப் பரிசு உண்டு. எங்களுக்கு ஒன்று செய்து தருவீர்களா என்று கேட்டேன். உடனே சரி என்றார்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பட்டறைக்கு லீவு. சத்தம் இருக்காது. ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு சின்ன டேப்பையும், கப்பலில் வேலை பார்க்கும் என் நண்பனின் அண்ணன் கொண்டுவந்த வெளிநாட்டுக் கேசட் ஒன்றையும் தூக்கிக்கொண்டு போனேன். அந்தக் கேசட்டில் ஓர் இடத்தில் பாட்டு நின்று டிரம் மட்டும் ஒலிக்கும். பாய் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டார். நடனத்துக்கு எட்டு எட்டாக எண்ண வேண்டும், நாலு எட்டுக்கு ஒருமுறை மாற்றம் வேண்டும், கடைசியில் தலையால் சுற்றுகிறவனுக்கு நீளமாக வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, ஒரு பை அட்டையில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டார். மூன்று மணி நேரம் அந்தப் பட்டனை அமுக்கியும் விட்டும் அவர் கட்டைவிரல் சிவந்துவிட்டது.

அப்புறம்தான் அவர் செய்ததில் உயர்வான விஷயம். உல்லாஸ்நகரிலிருந்து தினம் ரயிலில் வரும் மிஷின்காரர் ஒருவர் அங்கே இருந்தார். கெட்டித் தோல் தைப்பதில் கைதேர்ந்தவர். வலது கால் பலம் குறைந்தது, தாங்கித் தாங்கித்தான் நடப்பார். அதனால் அவர் மிஷினை மிதிக்கும்போது இரண்டு மிதிக்குள் கால் சளைத்து, மூன்றாவது மிதி மட்டும் ஒரு துளி தாமதித்து விழும். லீவு நேரத்திலும் அவரை இருக்கச் சொல்லி, என் சின்ன டேப்பில் டிரம்மை ஓடவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே மிதிக்கச் சொன்னார் பாய். இரண்டையும் சேர்த்துப் பெரிய டேப்பில் பதிவு செய்தார். நடுநடுவே ரிவெட் அடிக்கும் சுத்தியலை அவரே தட்டினார். முடிந்ததும் போட்டுக் காட்டினார். அந்தத் தாமதித்த மிதிதான் மொத்தத்துக்கும் உயிராக இருந்தது. கேட்டால் உட்கார்ந்திருக்க முடியாது, தோள் தானாக ஆடும்.

கேசட்டை வீட்டில் போட்டேன். சமையலறையிலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நன்னாருக்கேடா. யார் போட்டா இது?"

"நான்தாம்மா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. மாலைக்குள் அம்மா மூன்று மாடிக்கும் சொல்லி முடித்துவிட்டாள். படிப்பில் சுமாராக இருந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்த சந்தோஷம் அவளுக்கு. என் நண்பர்களும் நம்பினார்கள். அதற்கப்புறம் போட்டிப் படிவத்தில் 'இசை அமைப்பு' என்ற இடத்தில் என் பெயரை எழுதுவது கஷ்டமாகவே இல்லை. எட்டு எட்டாக எண்ணச் சொன்னது நான்தானே, கேசட் கொண்டுபோனது நான்தானே என்று எனக்கு நானே வக்கீலாகிவிட்டேன். பட்டைகளை வாங்கப் போனபோது பாயிடம் போட்டி ஞாயிற்றுக்கிழமை, செம்பூரில் பள்ளி மைதானத்தில் என்று மட்டும் சொன்னேன். வாருங்கள் என்று சொல்லவில்லை.

போட்டி செம்பூரில் ஒரு பள்ளி மைதானத்தில், ஷாமியானா போட்டு, மத்தியானம் மூன்று மணிக்கு. எங்கள் முறை வந்ததும் மைக்கில் குழுவின் பெயரைச் சொல்லி, இசை என்று என் பெயரையும் சொன்னார்கள். நன்றாக ஆடினோம். கூட்டம் விசிலடித்துத் தள்ளியது. சந்தோஷம் பத்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. காட்கோபரிலிருந்து வந்த குழுவின் தலைவன் மேடையேறி, இது சொந்த இசை இல்லை, முழுக்க வெளிநாட்டுக் கேசட்டிலிருந்து திருடியது, இவர்களைப் போட்டியிலிருந்தே நீக்க வேண்டும் என்று சண்டை பிடித்தான்.

நடுவராக வந்திருந்தவர் சினிமா ரெக்கார்டிங்குகளில் தாள வாத்தியம் வாசித்துப் பழுத்தவர். என்னை மேடைக்குக் கூப்பிட்டார். குரலை உயர்த்தாமல் இந்தியில் கேட்டார். டிரம் இருக்கட்டும். அதன் மேலே ஒரு தடதடப்பு போகிறதே, அதில் மூன்றாவது தட்டு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதிக்கிறது. முப்பது வருஷம் வாசிக்கிற எனக்கே அப்படி விழாது. எப்படி வாசித்தாய், சொல்லு, நான் நம்புகிறேன் என்றார்.

பதில் எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் மிஷின்காரரைச் சொல்ல வேண்டும். அவரைச் சொன்னால் பாயைச் சொல்ல வேண்டும். பாயைச் சொன்னால் படிவத்தில் எழுதியதும் அம்மா சொல்லிவைத்த மூன்று மாடியும் சேர்ந்து தலையில் விழும். கீழே என் நண்பர்கள் ஐந்து பேரும், சொல்லுடா, சொல்லுடா என்று ஜாடை காட்டுகிறார்கள். நான் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றேன். குழுவே வெளியே போனாலும் பரவாயில்லை, உண்மை வெளியே வரக்கூடாது என்று நினைத்தேன் என்பதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து பாய் வந்தார். பின்னாலேயே தாங்கித் தாங்கி மிஷின்காரர். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

பாய் நடுவருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, பம்பாய் இந்தியில் பேசினார். தமிழில் சொல்கிறேன். அந்தத் தட்டு வாத்தியம் இல்லை, தையல் மிஷின், மிதித்தது இவர் என்று மிஷின்காரரை முன்னால் நிறுத்தினார். தாமதம் இவர் காலில் இருக்கிறது, வேறு யார் மிதித்தாலும் வராது என்றார். எதிர்க் குழுத் தலைவன் வாயை மூடிக்கொண்டான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. டிரம் எங்களுடையது இல்லை, வெளிநாட்டுக் கேசட்டிலிருந்து எடுத்தது, அடித்தவர் பெயர் கேசட் அட்டையில் போடவில்லை, யாரென்று தெரிந்தால் சொல்லியிருப்பேன் என்றார். அதை அவரிடம் யாருமே கேட்கவில்லை. அப்புறம் என்னைக் காட்டி, எண்ணிக்கையெல்லாம் இந்தத் தம்பி சொன்னது, எங்கே மாற வேண்டும், எங்கே நீள வேண்டும் என்று இவர் சொல்லாவிட்டால் இது வெறும் இரைச்சல் என்றார்.

நடுவர் அவர் பக்கம் திரும்பினார். நீ என்ன செய்தாய் என்று கேட்டார்.

பாய் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பை தைக்கிறவன், தோல் ஒருத்தர் கொடுப்பார், ஜிப் ஒருத்தர் கொடுப்பார், நான் மூட்டினேன் என்றார்.

சொந்த இசைப் பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை. டிரம் இரவல் என்று ஆன பிறகு விதிப்படி கொடுக்க முடியாது. டோலக்கும் ஹார்மோனியமும் வைத்து வந்த வேறொரு குழுவுக்குப் போனது. ஆட்டத்துக்கு இரண்டாம் பரிசு வாங்கினோம். ஆனால் அதற்கு முன்னால் நடுவர் மைக்கைத் தானே வாங்கி, படிவத்தில் இருந்ததை அடித்துவிட்டு, பாய் சொன்ன வரிசையிலேயே ஒவ்வொரு பெயராகச் சொன்னார். மிஷின்காரர் பெயர் ஷாமியானா முழுக்கக் கேட்டபோது அந்த மனிதர் எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார், நாங்கள்தான் உட்காரவைத்தோம். கடைசியாக பாயின் பெயரைச் சொல்லி, இத்தனையையும் சேர்த்தவர் என்றார். அடுத்த ஞாயிறு தாதரில் ஒரு ரெக்கார்டிங் கூடத்துக்கு வந்து தன்னைப் பார்க்கவும் சொன்னார். பாய் போனார். பல வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே டேப் வெட்டி ஒட்டும் வேலை பார்த்தார்.

போட்டி முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அவரோடு ஒட்டிக்கொண்டு போனேன். என் நண்பர்கள் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

"மைக்ல என் பேர் வந்தப்போ நீங்க இருந்தேளா பாய்?" என்று கேட்டேன்.

"இருந்தேன். பட்டை கிழியுதா என்னான்னு பாக்கத்தான் வந்தேன். பேரைக் கேட்டதும் சுருக்குன்னு இருந்துது. கோவம் வராம இருக்குமா தம்பி?"

"அப்புறம் எதுக்கு என் பேரையும் சொன்னேள்? என்னைத் திருடன்னு சொல்லியிருக்கலாமே."

அவர் சட்டென்று நின்றுவிட்டார். "ஒங்க பேரை அடிச்சிட்டு நான் மட்டும்னு சொன்னா, அதுவும் பொய்தானே? எண்ணிக்கை ஒங்களுதுல்லா. கோவத்துக்காக அதை இல்லைன்னு சொல்லச் சொல்லுதீங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். சரி சரி என்று தோளைத் தட்டிவிட்டு, மிஷின்காரரைக் குர்லா ஸ்டேஷனில் விட வேண்டும் என்று அவசரமாக பஸ் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. "நான் மூணு மாடி ஏறிச் சொன்னேன். இப்போ நீ ஏறிச் சொல்லிட்டு வா" என்றாள் அவ்வளவுதான். ஏறினேன். ஒவ்வொரு கதவாகத் தட்டி, அந்த இசை நான் போட்டதில்லை என்று சொன்னேன். இரண்டாம் மாடி மாமி, "யாரும் கேக்கலையேடா" என்றாள். மேடையில் பாயிடமும் யாரும் கேட்கவில்லை. அந்த வார்த்தை மற்ற எல்லாவற்றையும்விட உறைத்தது.

பிறகு பரீட்சை எழுதி, வேலைக்குப் போய், ஓய்வும் பெற்றுவிட்டேன். பிறத்தியார் செய்ததைத் தங்கள் பெயரில் மேலே அனுப்புகிறவர்களை வேலைக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அதைத் தட்டிக்கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். தட்டிக்கேட்கிற வேகத்தில் எதிராளி செய்த கொஞ்சத்தையும் இல்லை என்று ஆக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம், பல சமயம் நானும் அந்த ரகம்தான். அப்போதெல்லாம் அந்த மேடை நினைவுக்கு வந்து என்னை நிறுத்தும். தன் உழைப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டவனுக்கு, அவன் நிஜமாகச் செய்ததை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேர் முன்னால் எடுத்துக்கொடுத்த ஒரு மனிதரை என் இருபத்தொன்றாவது வயதில் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் வாங்கிய எந்தப் பாராட்டும் அன்று அவர் கொடுத்த அந்தச் சின்னப் பங்கின் அளவுக்கு எனக்குச் சொந்தமாக இருந்ததில்லை.