பத்தாயத்துக் கிட்டார்

புது நெல்லின் நெடியும் துருவேறிய கம்பியின் நெடியும் கலந்து வந்தால், எனக்கு இன்றும் கிட்டார்தான் நினைவுக்கு வரும். சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டுக் கிட்டார் வாழ்ந்தது பத்தாயத்தில். மயிலாடுதுறையிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வருகிற எங்கள் ஊரில், ஐப்பசி பிறந்துவிட்டால் டப்பாவுக்குள் இருக்கும் அப்பளம்கூட நமுத்துப்போகும். அந்த ஈரம் மரத்தில் இறங்கிவிடக் கூடாது என்று, அம்மா அதைப் பழைய வாயில் சேலையில் சுற்றி, நெல் கொட்டி வைக்கும் அந்த ஆளுயர மரப்பெட்டிக்குள், பொன்னி நெல்லின் மேலேயே படுக்க வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே எடுத்ததும் முதல் வேலை, அதைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவது. கம்பிகளுக்கு மேல் வளைந்து நின்ற இரண்டு லாடக் காந்தங்களின் இடுக்கிலிருந்து, மெலிந்து நீண்ட பொன்னிப் பதர் நாலைந்து உதிரும். “சாப்பிட்டு முடிச்சிருச்சு, இனிமே பாடும்” என்பார் அம்மா.

அது தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடி வாசிக்கிற கிட்டார் அல்ல. மடியில் மல்லாக்கப் போட்டு, இடது கையில் ஓர் இரும்பு உருளையைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டே போக, வலது கை விரல்கள் மீட்ட வேண்டும். ஊரார் அதற்கு வைத்த பெயர் “படுத்த கிட்டார்”. அம்மா படித்த போர்டிங் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார அம்மையார் ஒருவர், ஊர் திரும்பும்போது அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனது அது. அதோடு வந்த உருளை எப்போதோ தொலைந்துபோக, அப்பா தன் ஆயில் எஞ்சினிலிருந்து கழற்றிய பழைய பிஸ்டன் பின் ஒன்றை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தார்; அம்மா கடைசிவரை அதைத்தான் பிடித்து வாசித்தார். எங்கள் லுத்தரன் கோயிலில் பாடும் கீர்த்தனைகளின் குழைவுகளையெல்லாம் ஆர்மோனியம் கட்டை கட்டையாக வெட்டிப் போடும். அம்மாவின் பிஸ்டன் பின்னோ ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்துகொண்டே போகும். ஆம்ப்ளிஃபயரில் அந்தச் சத்தம் கிளம்பினால், வெளியே வேப்பமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருக்கும் ஆண்கள்கூட உள்ளே வந்து உட்காருவார்கள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு ஞாயிறு, பாட்டின் பாதியில் சத்தம் நின்றுபோயிற்று. காந்தத்துக்கு அடியில் செப்புக் கம்பி சுற்றியிருந்த காயில் அறுந்துவிட்டது. ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரோ, “இந்தக் கம்பி தலைமுடிய விட மெலிசுங்க, என் கண்ணுக்கே தெரியல” என்று கும்பிட்டே அனுப்பிவிட்டார். அடுத்த மாதமே கோயிலுக்குக் கீபோர்டு வந்துவிட்டது. துபாயில் இருந்த ஒருவரின் காணிக்கை. அம்மா பெண்கள் வரிசையில் மூன்றாவது பாயில் போய் உட்கார்ந்தார், அதற்குப் பிறகு வாயைத் திறந்து பாடவும் இல்லை.

அண்ணன் சாமு கம்ப்யூட்டர் படித்தவன். ஊரில் வீட்டுக்கு ஒருவர் பெட்டி கட்டிய காலம் அது. அவனுக்கு அமெரிக்கா வாய்த்தது. போகும்போது, “அங்க இதுக்குன்னே கடை இருக்கும்மா. காயில் கட்டி, கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவந்துடுறேன்” என்று கிட்டாரையும் தூக்கிக்கொண்டான். அம்மா வாயில் சேலையோடு சேர்த்துக் கொடுத்தார். அந்தக் கிறிஸ்துமஸ் போயிற்று, அடுத்ததும் போயிற்று. ஞாயிறுதோறும் அவன் போன் வரும்போது, “சாப்பிட்டியா”வுக்கு அடுத்த கேள்வி, “காயில் கட்டியாச்சாடா?” என்பதாகவே இருந்தது. அந்த இடைவெளியில் ஆற்றில் தண்ணீர் வருவது தள்ளிக்கொண்டே போக, அப்பா பொன்னியைக் கைவிட்டு, சீக்கிரம் விளைகிற குண்டு நெல்லுக்கு மாறியிருந்தார். பத்தாயத்திலும் குண்டு நெல்தான் கிடந்தது.

மூன்றாம் வருடம் டிசம்பரில் அண்ணன் வந்தான், கிட்டாரோடு. அம்மா அறுப்பு வயலில் இருந்தார். ஆள் அனுப்பிவிட்டு அண்ணன் குளிக்கப் போன நேரத்தில் நான் பெட்டியைத் திறந்துவிட்டேன். எல்லாம் அப்படியே இருந்தது. கொசுவர்த்திச் சுருள் பட்டுக் கருகிய தழும்பு, நான் தவழ்ந்த வயதில் ஸ்பூனால் கீறியதாகச் சொல்லப்படும் மூன்று கோடுகள், மஞ்சள் பாரித்த திருகாணிகள். ஆசையாகக் கவிழ்த்து முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன். ஒன்றும் உதிரவில்லை. முகர்ந்து பார்த்தேன், புது பெயிண்ட் வாசனை வந்தது.

துண்டோடு வந்து நின்ற அண்ணன், என் முகத்தைப் பார்த்ததுமே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். அங்கே அவனுக்கு வேலை போய்விட்டிருக்கிறது. ஏழு மாதம் வேலையில்லாமல் இருந்திருக்கிறான், வீட்டுக்குச் சொல்லவில்லை. காயில் கட்டக் கொடுத்திருந்த கடைக்காரரே கிட்டாரை விலைக்குக் கேட்க, கொடுத்துவிட்டான். மறுபடி வேலை கிடைத்து ஓடிப்போய்ப் பார்த்தபோது, அது யார் கைக்கோ போய்விட்டிருந்தது. பழைய கிட்டார்களை அச்சு அசலாகச் செய்து விற்கிறவர்களிடம் அதே மாதிரி ஒன்றை வாங்கி, அறையில் உட்கார்ந்து ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு, சாவியால் கீறி, சிகரெட்டால் சுட்டு, டீத்தண்ணீர் தடவித் திருகாணிகளுக்கு வயதேற்றியிருக்கிறான். “அம்மாகிட்ட சொல்லிடாத பாப்பா” என்று அவன் அழுதபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் அழுவார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அப்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு வேறு. பத்தாயத்துக்குள் கையை விட்டு, அடியில் கிடந்த பதரை அள்ளிவந்து, காந்தங்களின் இடுக்கில் ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி அடைத்தேன். அம்மா சேற்றுக் காலோடு வந்தார், அண்ணனைக் கட்டிக்கொண்டார், கைகால் கழுவி வந்து கிட்டாரை மடியில் வாங்கினார். தழும்பைத் தடவினார். பிறகு கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினார். பதர் உதிர்ந்தது. நான் அண்ணனைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தேன். அம்மா ஒரு பதரை எடுத்து உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்தார். “நல்லா கட்டிருக்கான்டா காயிலு” என்றார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அம்மா கோயிலில் வாசித்தார். பிசிறில்லாத சத்தம், பழையது ஆம்ப்ளிஃபயரில் கொஞ்சம் இரைந்துகொண்டே இருக்கும், இதில் அதுவும் இல்லை. முன்வரிசையில் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தான். எங்கள் போதகர் அவன் தோளில் தட்டி, “அம்மாவுக்கு உயிரையே திருப்பிக் கொண்டுவந்துட்டப்பா” என்றார்.

அண்ணன் விமானம் ஏறிய மறுநாள், அம்மா கிட்டாரைத் துடைத்து அதன் பெட்டியிலேயே வைத்துப் பூட்டினார். பத்தாயத்துல வைக்கலையாம்மா என்று கேட்டேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தாமலே சொன்னார்:

“உங்கப்பா குண்டு நெல்லு போட ஆரம்பிச்சதே அவன் போனதுக்கு அப்புறம்தானடி.”

நான் அள்ளி அடைத்தது குண்டு நெல்லின் பதர். அவ்வளவு கோடுகளையும் அப்படியே கீறிக் கொண்டுவந்த அண்ணன் ஒருவேளை தப்பித்திருப்பான், நான்தான் காட்டிக்கொடுத்தேன். அம்மா திட்டவில்லை. “அவன்கிட்ட சொல்லிடாத” என்றார், அவ்வளவுதான். மூன்றாவது பாயிலேயே மறுபடி போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு பதினாறு வருடம், ஞாயிறுதோறும் போனில், “வாசிக்கிறீங்களாம்மா?” என்று அவன் கேட்பான். “வாசிக்காம என்ன” என்பார் இவர். பக்கத்தில் நின்று நானும், “நல்லா வாசிக்கிறாங்கண்ணே” என்பேன். எங்கள் குடும்பத்தில் மூவரும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்ட அன்பு இதுதான். யாருக்கும் இதனால் ஒரு நல்லதும் நடக்கவில்லை.

அம்மா இறந்தபோது அவனால் வர முடியவில்லை. விசா சிக்கல், வெளியே போனால் திரும்ப நுழைய முடியாது என்றான். “அந்தக் கிட்டார அம்மா கூடவே வச்சிடு பாப்பா” என்று போனில் கதறினான். நான் வைக்கவில்லை. அது அவருடையது இல்லையே. பிஸ்டன் பின்னை மட்டும் இடது கைக்குள் செருகிவிட்டு, “வச்சாச்சுண்ணே” என்றேன்.

அப்பாவும் போய்விட்டார். நிலம் குத்தகையில் இருக்கிறது, பத்தாயத்தைப் பிரித்துப் பலகையாக விற்றாகிவிட்டது. நகல் கிட்டார் இங்கே தஞ்சாவூரில், என் வீட்டு பீரோவின் மேல் கிடக்கிறது. இப்போதெல்லாம் கீறல்களோடும் கருகல்களோடும் தொழிற்சாலையிலேயே செய்து தருகிறார்கள். காந்தத்தின் பலத்தைக்கூட வயதுக்கு ஏற்றாற்போல் குறைக்கிறார்களாம். வீடியோவில் அசலையும் நகலையும் மாற்றி மாற்றி வாசித்து, எது எது என்று கேட்கிறார்கள். எனக்கும் காதால் சொல்லத் தெரியவில்லை.

அசல் எங்கோ, முகம் தெரியாத ஒருவர் வீட்டில் இருக்கும். அதை வாங்கியவர் முதல் நாளே காந்தங்களின் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்து, இதென்ன குப்பை என்று, பிரஷ் வைத்துச் சுத்தமாகத் தட்டிவிட்டிருப்பார்.