ஒரு கை தூரம்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அப்போது றக்வானை டவுனில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். படம் சரியாக விழவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், அவ்வளவுதான் என் வேதாந்தம். நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், பரவாயில்லை, சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

வடக்கில் சண்டை முடிவதற்கு முந்தைய வருஷம். மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து முனியாண்டி என்பவர் ஆள் அனுப்பியிருந்தார். அவருடைய மனைவி லெட்சுமியம்மா இறந்துவிட்டார். மகள் சாந்தி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள், அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூடக் கிடையாது. பெட்டியை மூடுவதற்குள் முகத்தை ஒரு படம் எடுத்துக் கொடுத்தால் அவளுக்கு அனுப்பலாம் என்றார்கள். நான் போய்ச் சேரும்போது பகல் மூன்று மணி, வெளியே மழை மூட்டம். நாலரைக்குப் பெட்டியைத் தூக்குகிறார்கள்.

லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், இருந்தவர்களை வெளியே அனுப்பி எனக்கு இடம் விட்டார்கள். சுவரோரம் பெட்டி, நான் ஏழடி தள்ளி நின்றேன். கெமரா பொத்தானைப் பாதி அழுத்தியதும் திரையில் பச்சைக் கட்டம் வந்தது, பீப் என்றது, எடுத்தேன். பார்த்தால் முகம், பெட்டி, சுவர் எல்லாம் கலங்கல், போதாததற்கு இருட்டு வேறு. பிளாஷ் அடித்ததை நானே கண்ணால் பார்த்தேன்.

லென்ஸைத் துடைத்தேன். புது பெட்டரி போட்டேன். செட்டிங் எல்லாவற்றையும் பழையபடிக்குக் கொண்டுவந்தேன். வாசலுக்குப் போய் முனியாண்டியை ஒன்று எடுத்தேன், பளிச்சென்று விழுந்தது. உள்ளே வந்தால் மறுபடி அதே கலங்கல், அதே இருட்டு. பத்துப் படமாவது எடுத்திருப்பேன். வெளியே சாவு மேளமாகத் தப்பு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்புறம்தான் உறைத்தது. கிட்டத்தில் ஏதாவது நின்று, கெமரா அதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் இருப்பது கலங்கும். கிட்டத்தில் இருப்பதில் பட்டு வெளிச்சம் திரும்பினால், போதும் என்று பிளாஷும் தன்னைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றுதான். எனக்கும் பெட்டிக்கும் நடுவில், ஒரு கை தூரத்தில், ஏதோ நிற்கிறது என்கிறது கெமரா. அங்கே ஒன்றுமே இல்லை.

"என்ன தம்பி, சரி வரலைங்களா?" என்றார் முனியாண்டி வாசலிலிருந்து. "அவளுக்கு போட்டோவே ராசியில்லைங்க. போன வருசம் ஐடென்டி கார்டுக்கு போட்டோ புடிக்க நீங்க வந்தப்பவும் இப்பிடித்தான். ஸ்டோரு மெசின் சத்தத்துல காது போச்சுங்களா, நீங்க சொல்றது என்னான்னு கேக்க கிட்ட கிட்ட வந்தா. நீங்க போன்னுட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குத் தோட்டத்து மைதானத்தில் நீண்ட வரிசை. ஒரு அம்மா லென்ஸுக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்து கொண்டுவந்து நின்றார். "மூணடி தள்ளி நில்லுங்கம்மா" என்று நாலு தரம் சொன்னேன், கடைசியில் கத்தினேன், கையால் விரட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவர் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு போனார். ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலை மெஷினில் காதைத் தொலைத்த மனுஷி என்று எனக்கு எங்கே தெரியும்? அன்றைக்கு எடுத்திருந்தால் இந்த வீட்டில் ஒரு முகம் இருந்திருக்கும். 

இனி நான் சொல்வதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கிட்டத்தில் எடுப்பதற்குக் கெமராவில் ஒரு பூ அடையாளம் இருக்கும், அதற்கு மாற்றினேன். காது கேளாதவரிடம் பேசுகிற மாதிரி உரக்க, "அம்மா, தள்ள வேணாம், அங்கயே நில்லுங்க, எடுத்துருவோம்" என்றேன். வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எடுத்தேன். நிற்கிறவர் முகத்துக்கு நேரே பிடித்ததால் பெட்டி விழவில்லை, படத்தில் கலங்கிய சுவர் மட்டும்தான். சரியென்று செட்டிங்கைத் திருப்பி வைத்துப் பெட்டியில் இருந்த முகத்தை எடுத்தேன், இமை முடியைக்கூட எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

அவசரமாக பிரிண்ட் போட்டுக் கொடுத்ததில் அந்தச் சுவர் மட்டும் விழுந்த கலங்கல் படமும் சேர்ந்து போயிருக்கிறது. அடுத்த வருஷம் சாந்தி லீவில் வந்தபோது, ஸ்டூடியோவுக்கு வந்து அதைத்தான் மேசையில் வைத்தாள்.

"இத பெருசா அடிச்சு பிரேம் போட்டுத் தாங்கண்ணே. பெட்டியில இருக்கிறது வேணாம்."

"இதுல ஒண்ணும் விழலியேம்மா, கலங்கிப் போச்சு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னண்ணே சொல்றீங்க? அம்மா காத குடுத்துக்கிட்டு உங்களத்தானே பாக்குது."

பெரிதாக அடித்து பிரேம் போட்டுக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் எத்தனையோ தரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன், எனக்குத் தெரிவது சுவர்தான். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் முனியாண்டி வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டார்கள், மாலை போட்ட அந்தப் படத்துக்கு நேரேதான் நாற்காலி போடுவார்கள். கிளம்பும்போது அவரிடம் மெதுவாகத்தான் சொல்லிக்கொள்வேன். படத்தைப் பார்த்து "வர்றேம்மா" என்பதை மட்டும், என்னையறியாமல், சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.