அக்காவுக்கு ரெண்டாம் நம்பர்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் அக்கா சட்ட மேலவையின் ஆசிரியர் தொகுதிக்கு நின்றாள். நாங்கள் இருவருமே மதுரையில் ஆசிரியைகள். அந்தத் தேர்தலில் முத்திரை குத்துவதில்லை. வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பப்படி எண் போட வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை விலக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளில் இரண்டு என்று யாருக்குப் போட்டிருக்கிறதோ அவர்களுக்குச் சேர்ப்பார்கள்.

எங்கள் பள்ளியின் கணக்கு சார் ஆஸ்திரேலியாவில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

"அங்க பார்லிமென்ட் தேர்தலே இப்படித்தான் டீச்சர். ஓட்டுப் போட வராட்டி அபராதம். எல்லாப் பேருக்கும் நம்பர் போடாட்டி சீட்டு செல்லாது. முதல்ல முந்துனவரு கடைசியில தோக்குறதும் உண்டு. இங்க ஒண்ணு மட்டும் போட்டுட்டுப் போயிருவாங்க. ரெண்டை நீங்கதான் போய்க் கேக்கணும்."

வீட்டில் இதைச் சொன்னதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டாவது எடத்துக்குக் கையேந்தவா? நான் வரல."

நான் மட்டும் மேலூருக்குப் பஸ் ஏறினேன். அந்த ஊர்த் தலைமையாசிரியரும் ஒரு வேட்பாளர். அவருடைய பள்ளிக்குள் நுழையவே கூசியது.

"எங்க சாரை விட்டுட்டு உங்க அக்காவுக்குப் போடணுமாக்கும்?" என்றார் தமிழாசிரியர்.

"இல்ல சார். ஒண்ணு அவருக்கே போடுங்க. ரெண்டு மட்டும் அக்காவுக்கு."

"பாப்போம்" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. 'தங்கச்சியே ரெண்டாவதுதான் கேக்குது' என்று பேச்சுப் பரவி, அவளுக்கு ஒன்று போட இருந்தவர்களும் மாறிவிட்டால்?

எண்ணிக்கையில் ஆசிரியர் சங்கத்துப் பெரியவர் ஒருவர் நன்றாக முந்தினார். அக்கா அவருக்கு அடுத்து. சின்ன வேட்பாளர்கள் விலக்கப்பட்ட பின் மூன்றாவதாக இருந்த மேலூர்த் தலைமையாசிரியரின் ஓட்டுக் கட்டைப் பிரித்தார்கள். முதலில் வந்த சீட்டுகளில் ஒன்று மட்டுமே இருந்தது. அவற்றைத் தனியே ஒதுக்கினார்கள். ஒதுக்கியது உயர்ந்துகொண்டே போனது. பிறகு அக்கா பெயருக்கு நேரே இரண்டு. இன்னொன்று. அப்புறம் தொடர்ந்து வந்தன. கொஞ்ச வித்தியாசத்தில் அக்கா ஜெயித்தாள்.

மாலையும் கையுமாக வீட்டுக்கு வரும்போது அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"என்னைய முதல்ல நெனச்சவங்க கம்மிதான், என்ன?"

"ஆமாக்கா."

மாலையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "நாளைக்கு மேலூர் போய் நன்றி சொல்லிட்டு வாரேன்" என்றாள்.

"நானும் வாரேன்."

"வேணாம்."

மறுநாள் சாயங்காலம்தான் திரும்பினாள். தலைமையாசிரியர் டீ வாங்கிக் கொடுத்தாராம். பேச்சுத்தான் ஒன்றும் ஓடவில்லையாம்.