சார்ஜருக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை சாலையோர சார்ஜரில் இன்று காலை என் மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடப் போனேன். சார்ஜர் பெட்டிக்குக் கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது.

யாருடையது என்று பக்கத்து டீக்கடை அக்காவிடம் கேட்டேன்.

“எல்லாருக்கும்தாம்மா. பொட்டிய தொட்டா சுர்ருங்குது. மழைன்னா இன்னும் பேஜாரு. அத்த மாட்டிக்கினு சார்ஜ் போட்டுட்டு, அங்கயே வுட்டுட்டுப் போவாங்க.”

பெட்டியில் எழுதியிருந்த பராமரிப்பு எண்ணுக்கு போன் செய்தேன். பராமரிப்புக்காரர் ஒருவர் பைக்கில் வந்தார். பெட்டி ஷாக் அடிக்கிறது என்றேன்.

“எர்த் இருக்குதுக்கா. பச்சை வயரு மண்ணுக்குள்ள போவுது பாருங்க.”

மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு அந்த வயரை இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. முனையில், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இரும்புக் கம்பியும் இல்லை, தகடும் இல்லை. சும்மா மண்ணில் செருகி வைத்திருக்கிறார்கள்.

“இத்தினி நாளா யாருக்கும் ஒண்ணும் ஆவலியேக்கா. அதான் செருப்பு இருக்குதே.”

“அப்ப ஒழுங்கா எர்த் போடுற வரைக்கும் மெயின் ஆஃப்லயே இருக்கட்டும்.”

“அத்த சொல்ல நீங்க யாரு?”

“தொடப்போறவ.”

டீக்கடை அக்கா கடைக்குள் போனார். தன் கடைப் பூட்டைக் கொண்டுவந்து மெயின் பெட்டியில் மாட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

நான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வேலைக்கு வந்து சேர்ந்தேன். செருப்பு என் டிக்கியில் இருக்கிறது. எர்த் போட்ட பிறகு வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் தெரு சார்ஜருக்கு என்ன சைஸ் செருப்பு?