பியானோமேல் தொங்கிய துண்டு

"நிறுத்துங்க, நிறுத்துங்க! கையப் பாருங்க!"

கணவர் படத்தை நிறுத்துவதற்குள் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குப் போய் நின்றுவிடுகிறார் கண்ணாடிக்கார அக்கா. முன்பக்கக் காமிராவில் பாடகரின் சட்டைக்கை முழங்கை வரை சுருட்டியிருக்கிறது. பக்கவாட்டுக் காமிராவுக்குத் தாவியதும் அதே கை மணிக்கட்டில் பொத்தான் போட்டு நிற்கிறது. பாட்டோ ஒரு சொல்கூட அறுபடவில்லை. "ஒரே பாட்டுக்குள்ள ரெண்டு நாள் கச்சேரியத் திணிச்சிருக்காங்க. நம்மளக் கேனைன்னு நினைச்சுட்டாங்களா?" என்று கைபேசியில் குரல் பதிந்து ரசிகர் குழுவுக்கு அனுப்பிய பிறகுதான் உட்கார மனம் வரும்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டங்களுக்கு லென்ஸ் பொருத்துவது அக்காவின் வேலை. தனக்குப் பிடித்த ஓர் இசைக்குழுவின் கச்சேரிப் படங்களில் ஒட்டுப்போட்ட இடங்களைத் தோண்டியெடுப்பது பொழுதுபோக்கு. ரசிகர் குழுவில் இருப்பவர்களும் இதே பைத்தியங்கள்தாம். டிரம்ஸ் குச்சி கை மாறினால், அதனாலேயே 'மேளக்காரர்' என்று பெயர் வாங்கிய ரசிகர் விடமாட்டார். பாடகியின் தோடு காணாமல் போனால் ஒரு நர்ஸம்மா ஒப்பாரியே வைத்துவிடுவார். ஆனாலும் தீர்ப்பு அக்காவுடையது. "அக்கா சொன்னா அப்பீலே கிடையாது," என்பார் மேளக்காரர்.

ஒரு நாள் மதியம் கடையில் சாப்பிட்டுக்கொண்டே அக்கா குழுவில் ஒன்றைச் சொல்லிவைத்தார். புதுப் படத்தின் மூன்றாவது பாட்டில் பியானோமேல் ஒரு துண்டு தொங்குகிறது, அடுத்த காட்சியில் அது மாயமாகிவிடுகிறது என்று.

சற்று நேரத்தில் மேளக்காரரின் குரல் வந்தது. "அக்கா, துண்டே இல்லையே. நல்லாப் பாத்துட்டேன்." நர்ஸம்மாவும் அதையே சொன்னார். "வேற படமா இருக்கும்க்கா."

வீட்டுக்கு வந்ததும் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் படத்தைப் போட்டார். ஓட்டினார், நிறுத்தினார், பின்னால் தள்ளினார். பியானோ பளபளவென்று மொட்டையாக நின்றது. மற்ற படங்களையும் துழாவினார். எதிலும் துண்டு இல்லை. ஆனால் கண்ணை மூடினால் அது தொங்கியது. பச்சை நிறம், ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறது.

அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. சமையலறைச் சுவரைக் காட்டி, "இங்க இருந்த ஜன்னல ஏன்டி அடைச்சீங்க?" என்று அழுதார். அந்தச் சுவரில் ஜன்னல் இருந்ததே இல்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் பெற்ற மகளைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அதன்பின் குழுவில் அக்காவின் குரல் கேட்கவில்லை. கடையில் கருவிகளின் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் வலக்கண் லென்ஸை இடப்பக்கம் பொருத்திவிட்டு, யாரும் பார்க்குமுன் கழற்றினார். முன்பும் எப்போதாவது நடந்த தவறுதான். இப்போது அன்று செய்த எல்லாக் கண்ணாடிகளையும் திரும்ப எடுத்துப் பார்த்தார். வீட்டில் புதிதாக ஒரு பொருளைக் கண்டால், இது நேற்றும் இருந்ததா என்று கேட்க வாய் வரும். கேட்கப் பயமாக இருக்கும்.

லிப்ட் பழுதுபார்க்கும் கணவர் அதிகம் பேசாதவர். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா, ஒரு வாரமா படமே ஓடல?"

அக்கா உடைந்துபோய்ச் சொன்னார். துண்டைச் சொன்னார், அம்மாவின் ஜன்னலைச் சொன்னார். நிறத்தை மட்டும் சொல்லவில்லை. அது விட்டுப்போனதா, வேண்டுமென்றே விட்டாரா என்று அவருக்கே தெரியாது.

கணவர் சிரித்தார். "அட, இதுக்கா? அந்தத் துண்ட நானுந்தான் பாத்தேன். அப்புறமா அத வெட்டி எடுத்திருப்பாங்க. அவங்களுக்கு வேற என்ன வேலை?"

அக்காவுக்கு மூச்சு வந்தது. ஆனால் தோண்டிப் பழகிய வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன கலருங்க?"

"சிவப்பு." பட்டென்று வந்தது பதில். "நல்ல சிவப்பு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அக்கா அந்த முகத்தையே பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத முகம். காது மடல்கள் சிவந்து, இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமாங்க," என்றார் அக்கா. "சிவப்புதான்."

பிறகு, "நாளைக்கு லீவு போடுங்க. டாக்டரப் போய்ப் பாத்துட்டு வந்துரலாம்," என்று சொல்லி, கிரீஸ் கறை போகாத அந்தக் கையை எடுத்து மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் இறுகப் பொத்திக்கொண்டார்.