ரேகை வைத்து எடுத்துவந்த ஜாவா

ரேஷன் கடைப் பாமாயில் பாக்கெட்டை மூலையில் கத்தரித்துச் சட்டியில் சாய்க்கும்போது ஒரு வாசனை வரும், உங்களுக்குத் தெரியும். நேற்று அது வந்ததும் என் வாய் தன்னால் "மின்யாக்" என்றது. வடை தட்டிக்கொண்டிருந்த மருமகள் திரும்பிப் பார்த்தாள். இந்தோனேசியாவில் எண்ணெய்க்கு அதுதான் பேர் என்றேன். செங்கல்பட்டைத் தாண்டாத உனக்கு அதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டாள். கேட்டது அவள் தப்பு. வடை கருகிப்போனது.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள். என்னுடைய "கீது"வை எல்லாம் "இருக்கிறது" என்று திருத்திக்கொண்டே போகிறாள். பேசுகிற இடத்திலாவது எங்கள் வாயை விட்டுவை என்று சொல்லியிருக்கிறேன்.

நூறு நாள் வேலை வந்த புதிது. சாலவாக்கம் போகிற டவுன் பஸ் பாதையில் எங்கள் ஊர். ஏரிக் கால்வாயைத் தூர் வாரினோம். அளந்துவிட்ட மண்ணை வெட்டி முடித்துவிட்டால் கரையில் வேப்பமரத்தடியில் உட்காருவோம். முதலில் பேச்சு, பிறகு சண்டை. யார் வரப்பை யார் வெட்டினார்கள், யார் கோழி யார் வீட்டில் முட்டையிட்டது என்று நாளுக்கொன்று. எங்களோடு மண் வெட்டிய கஸ்தூரி எதிர்வீட்டுக்கு மருமகளாக வந்தவள், ஒன்பதாவது வரை படித்தவள். போண்டா மடித்த காகிதத்தைக்கூட விடாமல் படிப்பாள். அவள் படிக்கட்டும், நாம் கேட்போம், சண்டையாவது ஓயும் என்று நான்தான் ஆரம்பித்து வைத்தேன்.

தன் பேரில் புத்தகம் எடுத்தால் மாமியார் பேசுவாள் என்று கஸ்தூரி தயங்கினாள். என் பேரில் எடு என்று ஊர் நூலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் கையெழுத்துக் கேட்டார். தெரியாது என்றதும், படிக்கத் தெரியாதவர்களுக்குப் புத்தகம் எதற்கு என்று சிரித்தார்.

"ஓட்டுக்கு ரேகை ஆவுது, ரேஷனுக்கு ரேகை ஆவுது. புக்குக்கு மட்டும் ஆவாதா?" என்று கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நின்றேன். நாலு நாள் நின்றேன். ஐந்தாம் நாள் மைப் பெட்டியைத் தள்ளினார். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் ஓட்டுக் கதையைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்களே, அதையும் நான் காதால்தான் கேட்டிருக்கிறேன். என் ஓட்டு செல்லாமல் போய்விட்டதா?

புத்தகத்தை நான்தான் பொறுக்கினேன். அட்டை கிழிந்து கிடந்தது. உள்ளே ஒரு கலர்ப் படம். தோலில் வெட்டிய பொம்மைகள் ஐந்து, குச்சிக் கையும் நீள மூக்குமாக வரிசையாக நின்றன. அதில் ஒருவன் கதவு அகலம். அவனைப் பீமன் என்று எனக்கு யார் சொல்ல வேண்டும்? இருபது நாள் பாரதம் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஒன்றுதான் இடித்தது. கஸ்தூரியிடம் காட்டினேன்.

"இன்னாடி இது, பீமன் கட்டம் போட்ட லுங்கி கட்டிக்கினு கீறான்?"

"அது ஜாவா பீமன் அத்த. அந்த ஊர்ல அப்டித்தான்."

அன்றிலிருந்து வேப்பமரத்தடி ஜாவாவாகிவிட்டது. கப்பலுக்கு அவர்களும் கப்பல் என்றுதான் சொல்கிறார்களாம். வெயிலடிக்கிற சூரியனுக்கு "மாத்தா ஹாரி" என்று பேர். பகலின் கண் என்று அர்த்தமாம். அதற்கப்புறம் எங்களில் யாரும் வெயில் என்று சொன்னதில்லை, "மாத்தா ஹாரி ஏறிட்டான், எழுந்திருங்கடி" என்பதுதான். சதுரங்கப்பட்டினத்தில் இடிந்த கோட்டை இருக்கிறதே, அதைக் கட்டிய டச்சுக்காரன்தான் அங்கேயும் போய், தனக்கு மட்டுமே கிராம்பு கிடைக்க வேண்டுமென்று மற்ற தீவுகளில் கிராம்பு மரங்களை வெட்டச் செய்தான் என்று கஸ்தூரி படித்தபோது, வெற்றிலையில் கிராம்பு வைத்துக்கொண்டிருந்த ஒருத்தி அதை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர்கள் விடுதலைக்கு "மெர்டேக்கா" என்று கத்தினார்களாம். நாங்கள் வேலை முடிந்ததும் கத்தினோம். ஆள் கணக்கை மஸ்டர் ரோலில் எழுதுகிறவர் தன்னைத்தான் ஏதோ திட்டுகிறோம் என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த ஊரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், அவர்கள்தான் விடிய விடிய பாவை வைத்துப் பாரதம் ஆட்டுகிறார்கள் என்று படித்தாள். அது எங்களுக்குப் பிடித்திருந்தது. அடுத்த பக்கத்தில்தான் குண்டு. ஜாவாவில் ஆட்டுகிற கதையில் திரௌபதிக்குப் புருஷன் ஐந்து பேர் இல்லை. தருமர் ஒருவர்தான்.

எனக்கே முதலில் கோபம் வந்தது. எங்கள் ஊர் அம்மனே திரௌபதி. பிறகு இரண்டு நாள் யோசித்தேன். யோசித்ததோடு விட்டிருக்கலாம்.

அந்த வருஷம் பாரதத் திருவிழாவில் தீ மிதிக்க நான் காப்புக் கட்டியிருந்தேன். மத்தியானப் பிரசங்கத்தில் கல்யாணக் கட்டம் வந்தது. ஐந்து பேரையும் கட்டினாள் என்று பிரசங்கியார் சொல்லி மூச்சு வாங்கிய நேரம், பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வதாக நினைத்து, "ஜாவால ஒருத்தனாம்டி. அஞ்சு பேருக்கு ஆக்கிக் கொட்றதுக்கு அது எவ்வளவோ மேல்" என்றேன். என் குரல் உங்களுக்குத் தெரியாது. மைக் இல்லாமல் பந்தல் முழுக்கக் கேட்டது. பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு.

கோயில் தர்மகர்த்தாவை ஊரே பெரிய நைனா என்று கூப்பிடும். எழுந்து வந்து, கஸ்தூரி மடியிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கினார். "கைநாட்டுக்கு புக்கு ஒரு கேடா? தீக்குழில போடறேன் பாரு" என்று வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். இரண்டு தடவை போய்க் கேட்டேன். இரண்டாவது தடவை கதவே திறக்கவில்லை.

தீமிதி அன்று சாயங்காலம். ஏரியில் முழுகி, ஈரச் சேலையோடு வரிசையில் வந்தோம். கரகம் முதலில் இறங்கியது. அடுத்து நான். குழி ஓரத்தில் நின்றுவிட்டேன். காப்புக் கட்டியவர்களில் ஒருவர் இறங்காமல் நின்றாலும் ஊருக்கு ஆகாது, தெரியுமில்லையா? மேளக்காரர் என் காலைப் பார்த்து அடித்தார். கால் நகரவில்லை.

"இன்னாம்மே, சாமி காரியத்துல வெளையாட்டா?" பெரிய நைனா வந்தார்.

"வெளையாட்டு இல்ல நைனா. என் ரேகைய நம்பிக் குடுத்த புக்கு அது. திரும்பிப் போவலன்னா இனிமே நம்ம தெருப் பொம்பளைங்க யாரு ரேகைக்கும் புக்கு இல்லன்னுடுவாங்க. புக்கு வரட்டும், எறங்கறேன்."

பூசாரி அவரைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற பெண்களும் அவரைத்தான் பார்த்தார்கள். ஒருத்தி மெதுவாக "மெர்டேக்கா" என்றாள். அவர் வீட்டுக்கு ஆள் ஓடியது. அதுவரைக்கும் நெருப்பு ஆறிக்கொண்டே வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் லாபம்தான், ஒப்புக்கொள்கிறேன். புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன், பீமன் பத்திரமாக இருந்தான். கஸ்தூரி கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். என் ஈரக் கை பட்டு ஓரத்தில் மஞ்சள் கறையானது. நூலகத்தில் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருஷமே இன்னும் ஆறு பெண்கள் ரேகை வைத்தார்கள்.

இப்போது வேலையிடத்தில் காலையும் மத்தியானமும் ஆள் வந்ததற்கு அத்தாட்சியாகப் போனில் போட்டோ எடுக்கிறார்கள். வேப்பமரத்தடியில் உட்கார யாருக்கும் பொழுதில்லை. கஸ்தூரி ஒரகடத்துக் கம்பெனி வேனில் விடியும் முன்பே போய்விடுகிறாள். நூலகம் பூட்டியே கிடக்கிறது, படியில் ஆடுகள் படுத்திருக்கின்றன. புத்தகம் எங்கே போனதோ. பெரிய நைனாவும் போய்விட்டார். இருபது நாள் பாரதம் பத்து நாளாகிவிட்டது.

அந்தப் பத்து நாளுக்குள்ளும் கல்யாணக் கட்டம் வரும். ஐந்து பேர் என்று பிரசங்கியார் சொன்னதும், அன்று சிரித்தவர்களில் மிச்சமிருக்கிற நாலு பேர் என் பக்கம் திரும்புவார்கள். கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டுவேன்.